விறைக்காத கைக்குட்டைகள்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் சி.ஐ.டி. அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் சக்கரக் கூண்டுகளில் வந்து இறங்கும் துணியை நீளமான ஒரு மேசையில் கொட்டிப் பிரிப்பார்கள். எது எந்த இயந்திரத்துக்குப் போக வேண்டும், எதைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், எதில் சூடு படவே கூடாது என்று சொல்வது அவள் வேலை. துணியை வெளிச்சத்தில் பிடிப்பாள், கட்டைவிரலால் தேய்ப்பாள், தேவைப்பட்டால் மூக்கருகே கொண்டுபோவாள். தீர்ப்பு வந்துவிடும்.

"இது சாக்லேட் இல்ல, ரத்தம். காஞ்சு ரெண்டு நாள் ஆயிருக்கு. வெந்நீர்ல போட்டா ஜென்மத்துக்கும் போகாது."

"இது துரு. ஈரத்தோட ஜன்னல் கம்பியில போட்டிருக்காங்க, புண்ணியவானுங்க."

பத்தொன்பது வயதில், விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் செருகும் வேலைக்கு வந்தவள். அந்த உருளை இடது முன்கையில் ஒரு தழும்பைக் கொடுத்துவிட்டு அவளைப் பிரிப்பு மேசைக்கு அனுப்பிவைத்தது. அங்கே வந்த ஆறாவது வருஷம், கூடத்தின் புதுப் பகுதிக்குத் தரை போட ஒரு டைல்ஸ் மேஸ்திரி வந்தார். சட்டையில் பூச்சுக் கறை பட்டுவிட்டது, எப்படிப் போக்குவது என்று கேட்டு அவள் மேசைக்கு வந்து நின்றார். மறுநாள் இன்னொரு சட்டை. அதற்கு மறுநாள் மூன்றாவது சட்டை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பட்ட கறை இல்லைங்க, பூசின கறை. விரல் தடம் தெரியுது," என்றாள். மேஸ்திரிக்குக் காது வரை சிவந்துபோனது. அந்தக் கறையில் ஆரம்பித்த பேச்சு கல்யாணத்தில் வந்து நின்றது. ஒரே மகள் பிறந்து, வளர்ந்து, அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

கெட்ட காலம் தொடங்கிய நாள் எதுவென்று பிற்பாடு அவளால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. அன்றைக்கு அது கெட்ட காலமாகத் தெரியவில்லை, அதுதான் கொடுமை. பாதி கட்டிய ஒரு கட்டடத்தில், கைப்பிடி வைக்காத படியில், டைல்ஸ் பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்த மேஸ்திரி கால் தவறி விழுந்தார். நெற்றி போய் ஜன்னல் விளிம்பில் மோதியது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அரைமணி நேரத்தில் நின்றுவிட்டது. தெருமுனைக் கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் இரண்டு கண்ணைச் சுற்றியும் கன்றிக் கறுத்துப்போயிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவரிடம் காரணம் கேட்டவர்களுக்கெல்லாம், "வீட்டுல அடி பலம். சி.ஐ.டி.யைக் கட்டினவன் பாடு இப்படித்தான்," என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பத்து நாள் கழித்துச் சளி பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான், விடவில்லை.

வினோதமான சளி. இருமல் இல்லை, தும்மல் இல்லை. நிமிர்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. குனிந்தால் இடது மூக்கிலிருந்து மட்டும் பொட்டுப் பொட்டாகத் தெளிந்த தண்ணீர். தரை போடுகிறவன் குனியாமல் எப்படி இருப்பது? பதித்த டைல்ஸின் மேல் சொட்டு விழும், துடைப்பார், மறுபடி விழும். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குக் 'குழாய்' என்று பெயர் வைத்தார்கள். "குழாய் மேஸ்திரி இருக்கும்போது சிமென்ட் குழைக்கத் தண்ணி எதுக்குடா?" என்பான் ஒருத்தன். ஆவி பிடித்தார், மாத்திரை போட்டார், மூக்குக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். சில சமயம், "ராத்திரி பூரா தொண்டையில உப்புக் கரிச்சுக்கிட்டே இருந்துச்சு," என்பார். அவள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள்.

நாளைக்கு மூன்று கைக்குட்டை. கூடத்தில் ஊரார் துணியைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவற்றைக் கையால் துவைப்பாள். சலிப்பில்லாத துவையல். தண்ணீரில் முக்கி எடுத்தாலே போதும்.

"உங்க சளி நல்ல சளிங்க," என்றாள் ஒருநாள். "கறையே வைக்கிறதில்ல."

"நல்ல மனுசனோட சளி வேற எப்படி இருக்கும்?" என்றார் மேஸ்திரி.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

ஒரு விடுமுறை நாள் காலை. டீயை வாங்கியவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "தலை ரெண்டாப் பிளக்குது," என்றார். படுத்தார். பத்து மணிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. ஜன்னல் திரையை மூடச் சொன்னார். மூடிய பிறகும் கண்ணை இறுக்கிக்கொண்டு, "இன்னும் மூடு, இன்னும் மூடு," என்றார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஒற்றைத் தலைவலியாக இருக்கும் என்று அவள் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு அவர் அவளைப் பார்த்து, செத்துப்போன தன் தாயாரைக் கூப்பிடுவதுபோல், "அம்மா, இங்க இருந்த படியை யாரும்மா எடுத்தது?" என்றார்.

தலையணையைச் சரிசெய்யலாம் என்று அவர் பிடரியில் கை கொடுத்துத் தூக்கினாள். தலை மட்டும் வரவில்லை. கழுத்தும் தோளும் முதுகும் சேர்ந்து, பலகையைத் தூக்கியதுபோல், ஒரே துண்டாக எழுந்து வந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். படியிறங்கி ஓடி, கீழ்வீட்டு டிரைவரை வண்டி எடுக்கச் சொன்னாள்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் தாளில் கட்டம் கட்டமாகக் குறித்துக்கொண்டே கேள்வி கேட்டார். சர்க்கரை இருக்கா? இல்லை. குடிப்பாரா? எப்பவாவது. காதுல சீழ்? இல்லை. நெஞ்சுச் சளி, நிமோனியா? இல்லை. மண்ணீரல் எடுத்திருக்கா? இல்லை. "சமீபத்துல தலையில அடி ஏதாவது?"

'சமீபத்துல' என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்தது. போன வாரம், போன மாதம் என்று மனசு தேடியது. "இல்லைங்க," என்றாள். டாக்டர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மேஸ்திரியைத் தனி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். உள்ளே போனவர்கள் எல்லோரும் வாய்க்கவசம் கட்டிக்கொண்டார்கள். அவளுக்கும் ஒன்று கொடுத்தார்கள். நரம்பு டாக்டரம்மா வந்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய, சிரிப்பு லேசில் வராத பெண்மணி. வந்ததும் நர்ஸிடம், "மருந்து ஏறியாச்சா?" என்றுதான் கேட்டார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"மூளையைச் சுத்தி ஒரு உறை இருக்கும்மா. அதுல கிருமி புகுந்திருக்குன்னு நினைக்கிறேன். மூளைக்காய்ச்சல். எந்தக் கிருமின்னு பேர் தெரியற வரைக்கும் காத்திருந்தா ஆள் தங்கமாட்டார். அதனால மருந்தை முதல்ல குடுத்துட்டோம். பேரை அப்புறம் கண்டுபிடிப்போம்."

"பிழைச்சுக்குவாரா டாக்டரம்மா?"

"முதுகுத் தண்ணி எடுத்துட்டு வர்றேன். வெளிய இருங்க."

தலையை ஸ்கேன் எடுத்து வந்த பிறகு, அவரை வயிற்றில் இருக்கும் பிள்ளையைப்போல் சுருட்டிப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேலே ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். சுத்தமான தண்ணீர்போல இருக்கவேண்டியது அது என்று நர்ஸ் சொன்னாள். அவள் கண்ணில் பட்டது வேறு. சோப்புத் துணியை இரண்டாவது முறை அலசியதும் தொட்டியில் நிற்குமே, அப்படிக் கலங்கலான ஒரு தண்ணீர்.

"லேபுக்கு எடுத்துட்டுப் போக இப்ப ஆள் இல்லம்மா. நீங்களே குடுத்துடுங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க," என்று மூன்று சின்னக் கண்ணாடிக் குழாய்களை நர்ஸ் அவள் கையில் வைத்தாள்.

குழாய்கள் இன்னும் சூடாக இருந்தன. அவர் உடம்புச் சூடு. நடைபாதையில் அவள் ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் போனாள். எதிரே வந்த ஒரு சக்கர நாற்காலிக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டபோது, உள்ளங்கையில் அந்தச் சூடு குறைந்துகொண்டே வருவது தெரிந்தது.

லேப்காரர் தடித்த கண்ணாடி போட்ட, பேச்சுக்காரர். ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, தீயில் லேசாகக் காட்டி, அதன்மேல் ஊதாச் சாயத்தை ஊற்றினார். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எதுக்குங்க சாயம்?"

"கறை போடறோம்மா. கிருமிக்கு நிறம் கிடையாது. கறை பிடிச்சாத்தான் ஆள் யாருன்னு தெரியும். சிலது கறையைப் பிடிச்சு வச்சுக்கும், சிலது விட்டுடும். அதுலயே பாதி ஆளைக் கண்டுபிடிச்சுடலாம்."

"நான் கறையை எடுக்கிற வேலைங்க," என்றாள், எதற்குச் சொல்கிறோம் என்று தெரியாமலே.

"அப்ப நம்ம ரெண்டு பேரும் எதிர்க்கட்சி," என்றவர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். அப்புறம் அவர் ஜோக் அடிக்கவில்லை. தொலைபேசியை எடுத்து, "ஊதாக் கலர், ரெட்டை ரெட்டையா நிக்குது டாக்டர். நிறைய," என்றார்.

நிமோகாக்கஸ் என்றார் டாக்டரம்மா. பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் சத்தம் போடாமல் குடியிருக்கிற கிருமிதானாம். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இந்த நோயாகத் தாவுகிற வகை இல்லை என்பதால் அவளுக்கு மாத்திரை தேவையில்லை, வாய்க்கவசத்தைக் கழற்றிவிடலாம். ஆனால் மூக்கில் இருக்க வேண்டியது மூளைக்கு எப்படிப் போனது? அதற்கு விடை கிடைக்கவில்லை. காதைப் பார்த்தார்கள், நெஞ்சைப் பார்த்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஐந்தாம் நாள் மேஸ்திரி கண்ணைத் திறந்து அவளை அடையாளம் கண்டார். இரண்டு வாரத்தில் எழுந்து நடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னார்: "சில பேருக்குக் காரணம் கிடைக்கிறதில்லம்மா. நல்லபடியா பிழைச்சாரே, அது போதும்."

போதும் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். ஆனால் பிரிப்பு மேசையில் நிற்கும்போது அந்த வார்த்தை முள்ளாய்க் குத்தியது. எத்தனை வருஷம், எத்தனை ஆயிரம் துணி. காரணமில்லாமல் வந்த கறை ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

எட்டு மாதம். மேஸ்திரி இளைத்துத்தான் போயிருந்தார், ஆனாலும் வேலைக்குத் திரும்பிவிட்டார். பழைய குழாய், பழைய கேலி. அவள்தான் மாறிப்போனாள். அவர் நெற்றியைத் தேய்த்தால் இவளுக்கு மூச்சு நிற்கும். தூங்கும்போது தலையணையின் இடது மூலை ஈரமாகி, வட்டம் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். வியர்வை என்று உறையை மாற்றுவாள்.

இரண்டாவது முறை அவகாசமே கொடுக்கவில்லை. கூடத்து அலுவலகத்துக்கு மதியம் ஒரு போன் வந்தது. மேஸ்திரி குனிந்து டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தவர், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து வலிப்பு வெட்டி விழுந்தார் என்றான் உடன் வேலை செய்கிறவன். காலையில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாராம்; தலை கொஞ்சம் வலிக்கிறது என்று மட்டும் சொன்னாராம்.

அவள் போய்ச் சேரும்போது வாயில் குழாய் செருகியிருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. அதில் பார்வை இல்லை. இந்த முறையும் கண்ணாடிக் குழாய்களை அவளேதான் லேபுக்குக் கொண்டுபோனாள். லேப்காரர் அவளைப் பார்த்ததும் முகம் மாறிப்போனார். வேலையை முடித்துவிட்டு, "பாக்கறீங்களா?" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் கண்ணை வைத்தாள். வெளிறிய வெளியில், ஜோடி ஜோடியாக, ஊதாப் புள்ளிகள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தன.

"போன தடவை வந்த அதே ஆளுங்களா?"

"அதே கூட்டம்தாம்மா."

டாக்டரம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ஒரு தடவை வந்தா கெட்ட நேரம்னு விட்டுடலாம். ரெண்டாவது தடவையும் அதே மாதிரி கிருமி வந்தா, எங்கயோ வழி திறந்திருக்குன்னு அர்த்தம். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. தலையில எப்பவாவது அடி பட்டிருக்கா? சின்ன வயசுல பட்டிருந்தாக்கூடச் சொல்லுங்க."

"நாலு வருஷம் இருக்கும் டாக்டரம்மா. படியில விழுந்தார். ரெண்டு கண்ணும் கறுத்துப்போச்சு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "போன தடவை இதைச் சொல்லலையே?"

"சமீபத்துலன்னு கேட்டாங்க."

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். "அதுக்கப்புறம் காதுலயோ மூக்குலயோ ஏதாவது வடிஞ்சுதா?"

"இல்லைங்க. சளி மட்டும் எப்பவும் இருக்கும்."

"சளி ஊருக்கே இருக்கு," என்றார் டாக்டரம்மா, யோசனையோடு. "ஸ்கேன்ல மறுபடி நுணுக்கமாப் பார்க்கச் சொல்றேன்."

மறுநாள் பகலில் மகள் வந்து சேர்ந்தாள். அப்பாவின் பக்கத்தில் மகளை உட்காரவைத்துவிட்டு, ஒரு மாற்றுப் புடவை எடுக்க அவள் வீட்டுக்குப் போனாள். வேலை இடத்திலிருந்து கொடுத்தனுப்பிய பை மூலையில் கிடந்தது. கை சும்மா இருக்காதே. பையைக் கொட்டித் துவைக்க வேண்டியதைப் பிரித்தாள். சிமென்ட் படிந்த சட்டை, கால்சட்டை, மூன்று கைக்குட்டைகள். முந்தின நாளிலிருந்து பைக்குள் கிடந்து உலர்ந்தவை.

ஒன்றை எடுத்தாள். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் தானாகத் தேய்த்தது.

கைக்குட்டை பூப்போல இருந்தது. மடிப்பு மடிப்பாக, மெத்தென்று, விரலுக்கு வளைந்து கொடுத்தது. ஓரத்தில் சிமென்ட் தூசி மட்டும். அவள் அதை ஜன்னலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சள் இல்லை. பளபளப்பான தடம் இல்லை. ஈரம் எதுவரை பரவியதோ அதுவரைக்கும் மெல்லிய ஒரு வட்டக் கோடு, அவ்வளவுதான். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும்.

கூடத்துக்கு எத்தனை ஆயிரம் கைக்குட்டை வந்திருக்கும். சளி பட்டு உலர்ந்த துணி கஞ்சி போட்டதுபோல் விறைத்து நிற்கும். உதறினால் அட்டையாட்டம் சத்தம் போடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே தெரியும் என்று. இந்தக் கைகளால் மூன்று வருஷத்துக்கு மேலாகத் தினம் மூன்று கைக்குட்டையைத் துவைத்திருக்கிறாள். ஒன்றுகூட விறைத்ததில்லை. நல்ல சளி என்று பாராட்டியும் இருக்கிறாள்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இது சளி இல்லை. சளி இல்லையென்றால் இது எந்தத் தண்ணீர்? கண்ணாடிக் குழாயில் கலங்கலாகக் கண்டதும், அது சுத்தமான தண்ணீர்போல இருக்கவேண்டும் என்று நர்ஸ் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. புடவையை மறந்துவிட்டு, மூன்று கைக்குட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினாள்.

டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு அவற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"விழுந்த பத்தாம் நாள்ல இருந்து. இடது மூக்குல மட்டும். குனிஞ்சா சொட்டும். உப்புக் கரிக்குதுன்னு சொல்லுவார். இது சளி இல்லைங்க டாக்டரம்மா. நான் இதே வேலையில இருக்கிறவ. சளி இப்படிக் காயாது."

டாக்டரம்மா நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். "மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணியா இருக்கலாம். மூக்குக் கூரையில எலும்பு விண்டிருந்தா அது கசியும். வெளிய வர்ற வழியிலயே கிருமி உள்ளயும் போகும்." அப்புறம் அவளை நேராகப் பார்த்தார். "அந்தக் கேள்வியை நாங்களும் சரியாக் கேட்கலை. நீங்க மட்டும் சுமக்காதீங்க."

சுமக்காமல் எப்படி இருப்பது? ஒரு வாரம் மேஸ்திரி கண் திறக்கவில்லை. அந்த ஏழு நாளும் அவள் அவர் மூக்கின் இடது துவாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மல்லாந்து படுத்திருந்ததால் ஒன்றும் வெளியே வரவில்லை. பின்பக்கமாகத் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் என்று இப்போது தெரிந்திருந்ததால், அவர் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அவளும் விழுங்கினாள்.

எட்டாம் நாள் விழித்தார். முதலில் மகளைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்து, "ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கறீங்க?" என்று பெரிய குரலில் கத்தினார்.

வலது காது முழுசாகப் போயிருந்தது. இடது காதில் பாதி மிச்சம். எழுப்பி நிறுத்தினால், படகில் நிற்கிறவர்போல் ஆடினார்; சுவரைப் பிடிக்காமல் நாலு அடி வைக்க முடியவில்லை. உள்காதைச் சீழ் தின்றுவிட்டது, வீக்கம் குறைக்கிற மருந்தும் கொடுத்துத்தான் பார்த்தோம் என்றார்கள்.

உட்காரும் தெம்பு வந்ததும், அவரைக் கட்டிலின் விளிம்பில் வைத்து முன்னால் குனியச் சொன்னார்கள். லேப்காரரே குழாயோடு வந்திருந்தார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிஷம் இடது மூக்கின் நுனியில் ஒரு துளி திரண்டது. கண்ணாடிபோலத் தெளிந்த துளி. திரண்டு, நீண்டு, குழாய்க்குள் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. மேஸ்திரி குனிந்தபடியே, "இத்தனை பேர் சேர்ந்து என் சளியைப் பிடிக்கறீங்களே, வேற வேலை இல்லையா?" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தத் தண்ணீர் வேறொரு பெரிய லேபுக்குப் போனது. மூக்குச் சளியில் இருக்காத, மூளைத் தண்ணீரில் மட்டும் இருக்கிற ஒரு புரதம் அதில் இருந்தது. முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் நுணுக்க ஸ்கேனில், மூக்கின் கூரையில் மயிரிழைபோல் ஒரு விரிசலையும் கண்டுபிடித்துவிட்டார்கள். டாக்டரம்மா அதைத் திரையில் காட்டினார். எவ்வளவு சின்னது! தரையில் இப்படி ஒரு கோடு விழுந்திருந்தால் மேஸ்திரி விரல் நகத்தால் தடவியே கண்டுபிடித்திருப்பார்.

அறுவைக்கு முன்தினம் அவரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இடது காதருகே வாயை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். கைக்குட்டையைச் சொன்னாள், அவசரப் பிரிவு டாக்டரின் தாளில் விழுந்த கோட்டைச் சொன்னாள். "என் கையிலதான் இருந்துச்சுங்க. முன்னயே பாத்திருந்தா காது போயிருக்காது."

மேஸ்திரி நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து கேலி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. "எனக்கும்தான் தெரிஞ்சிருக்கணும்," என்றார். "தண்ணி ஒழுகுற இடத்தைத் தேடறதுதானே என் பாதிப் பொழப்பு." அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

மூக்கு வழியாகவே கருவியை விட்டு, அவர் தொடையிலிருந்து எடுத்த சவ்வையும் கொழுப்பையும் வைத்து விரிசலை அடைத்தார்கள். ஒரு மாதம் குனியக் கூடாது, முக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அந்தக் கிருமிக்கான தடுப்பூசி போட்டார்கள். கசிவு நின்றது. தலையணை உலர்ந்திருந்தது.

ஆனால் தரை போடும் வேலை முடிந்துபோனது. மட்டம் பார்க்க வேண்டிய ஆளுக்குத் தன் காலடியே மட்டமாக இல்லை. ஒரு டைல்ஸ் கடையில், வாங்க வருகிறவர்கள் அறையின் அளவைச் சொன்னால் எத்தனை பெட்டி பிடிக்கும், எப்படிப் பதிக்கலாம் என்று வரைந்து கொடுக்கும் வேலைக்கு உட்கார்ந்தார். முன்பு எதற்கும் கோபப்படாதவர் இப்போது கரண்டி கீழே விழுந்தால்கூடச் சீறினார். பேச்சின் நடுவே வார்த்தை தொலைந்துவிடும். அதைத் தேடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். அவள் எடுத்துக் கொடுக்கமாட்டாள். காத்திருப்பாள்.

கூடத்தில் அவளை இப்போதும் சி.ஐ.டி. அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முன்போல ஒரு தேய்ப்பில் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒவ்வொரு துணியையும் இரண்டு தடவை பார்க்கிறாள். சாயங்காலம் பிரிப்பு மேசையில் பாதி வேலை மிஞ்சிக் கிடக்கிறது. மேற்பார்வையாளர் முணுமுணுக்கிறார்.

அறுவை முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார்கள். டாக்டரம்மா ஸ்கேனைத் திரையில் போட்டு வெகுநேரம் பார்த்தார். அடைப்பு நன்றாக ஒட்டியிருக்கிறது என்றார். அவள் மெல்ல, "இனிமே வராதுல்ல டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"பத்துல ஒருத்தருக்கு மறுபடி கசியலாம். காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து வந்தா ஒரு மணி நேரம்கூட யோசிக்காதீங்க. நேரா இங்க வந்துடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணாவது தடவையை அவர் உடம்பு தாங்கும்னு எனக்கு நம்பிக்கை இல்லம்மா."

டாக்டரம்மா உட்கார்ந்திருந்தது மேஸ்திரியின் வலப்பக்கம், கேட்காத காதுப் பக்கம். அவர் சுவரில் இருந்த டைல்ஸின் இணைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நடைபாதையில் அவள் அவருடைய இடது பக்கமாக வந்து, கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நாலு அடி போனதும் மேஸ்திரி கேட்டார்:

"என்ன சொன்னாங்க?"

"நல்லா ஒட்டியிருக்காம். அடுத்த வருஷம் வரச் சொன்னாங்க."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க."

"பின்ன ஏன் உன் கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றார் மேஸ்திரி. இருவரும் சுவரோரமாக, மெதுவாக நடந்து வாசலுக்கு வந்தார்கள்.